வெந்நீர்க் குளமும் ஒரு கறுப்பு டப்பாவும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வேலை, ஊர் சுத்தல், சோம்பேறித்தனம்னு காரணம் நிறைய இருக்கு. மூணாவதுதான் உண்மையான காரணம் :-)

போன தடவை அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்தே ஒரு விஷயம் மனசுல உருண்டுக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாதான் தூக்கம் வரும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

அக்கா இருக்கிறது இஸ்கியா. இத்தாலியில நேப்பிள்ஸுக்கு எதிர்ல கடல்ல இருக்கிற எரிமலைத் தீவு. மாமா அங்க ஒரு ஓட்டல்ல சமையல்காரர். (முயல் கறி அந்தத் தீவோட ஸ்பெஷல். முன்னெல்லாம் முயலைக் குழி தோண்டி அதுக்குள்ள விட்டு வளர்ப்பாங்களாம். மாமா கை அதுல நல்லா படிஞ்சிருச்சு.) தீவு மொத்தமே 46 சதுர கிலோமீட்டர்தான். நடுவுல எபோமெயோன்னு ஒரு மலை, உயரம் சுமார் 790 மீட்டர். ஏறத்தாழ 55,000 வருஷத்துக்கு முன்னாடி பெரிய வெடிப்பு ஒண்ணு நடந்து, அதுல கொட்டின சாம்பல் இறுகிப் பாறையாச்சு. கடல் தண்ணி பட்டு அந்தப் பாறை பச்சை நிறமாயிடுச்சு. அப்புறம் அடியில இருந்த குழம்பு தள்ளித் தள்ளி, கடலுக்குள்ள கிடந்ததை மலையாத் தூக்கி நிறுத்திருச்சு. கடைசியா எரிமலை வெடிச்சது 1302-ல. ஆனா அடுப்பு இன்னும் அணையலை. தீவு முழுக்க வெந்நீர் ஊத்து.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி. அக்காவோட ரெண்டாவது பிரசவத்துக்குத் துணையா வந்தவங்களை, "இவ்வளவு தூரம் வந்துட்டு வெந்நீர்ல காலை நனைக்காம போறதா"ன்னு ஒரு குளியல் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். தண்ணியில கையை வச்சுப் பார்த்துட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி:

"ஏன்டா, அடியில யாரு அடுப்பு வச்சிருக்கா?"

அதுக்கு எனக்குப் பதில் தெரியும், சொன்னேன். சுவத்துல ஒட்டியிருந்த விளம்பரத்தை அக்கா மொழிபெயர்த்ததுல வந்துச்சு ரெண்டாவது கேள்வி. 'இயற்கைக் கதிரியக்கம் கொண்ட நீர்'னு அதுல பெருமையா போட்டிருந்தது.

"கதிரியக்கமா? அணுகுண்டுல வர்றதுதானே அது? அதுக்குள்ள என்னை இறங்கச் சொல்றியா?"

நியாயமான கேள்விதானே? ஒரே வார்த்தை, ஒரு ஊர்ல விளம்பரம், இன்னொரு ஊர்ல பீதி. எது சரி?

முதல்ல பாறையைப் பத்தி

எரிமலைத் தீவுன்னாலே கதிரியக்கம் அதிகம்னு நினைச்சிடாதீங்க. உண்மை பல இடங்கள்ல நேர் எதிர். ஐஸ்லாந்தும் எரிமலைத் தீவுதான். அங்க வீடுகளுக்குள்ள இருக்கிற ரேடான் வாயுவோட சராசரி ஒரு கன மீட்டருக்கு 13 பெக்கரல்தான். எரிமலையே இல்லாத பின்லாந்து, ஸ்வீடன் வீடுகள்ல 100-ஐ ஒட்டி இருக்கு. (ஒரு பெக்கரல்னா ஒரு நொடிக்கு ஒரு அணு உடையுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான், பயப்படாதீங்க.)

ஏன் இப்படி? பூமிக்குள்ள இருந்து நேரா மேல வர்ற குழம்பு கறுப்பு பசால்ட் பாறையா ஆகுது. அதுல யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூணுமே குறைவு. அந்தக் குழம்பு வெளிய வராம உள்ளயே வருஷக்கணக்கா தங்கி மெதுவா ஆறினா கதை மாறுது. தூத்துக்குடி உப்பளம் பார்த்திருக்கீங்களா? உப்பு முதல்ல படிகமாகிப் பிரிஞ்சிடும், மிச்சத் தண்ணியை நாக்குல வச்சா கசக்கும். உப்புக் கட்டிக்குள்ள இடம் கிடைக்காததெல்லாம் அந்த மிச்சத்துல சேர்ந்திருக்கும். குழம்புலயும் அதே கதைதான். இரும்பும் மக்னீசியமும் உள்ள படிகங்கள் முதல்ல பிரிஞ்சு அடியில தங்கிடும். யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் அந்தப் படிகத்துக்குள்ள பொருந்தாது, மிச்சக் குழம்புல சேர்ந்துக்கிட்டே போகும். அந்த மிச்சக் குழம்பு வெடிச்சு வந்ததுதான் இஸ்கியாவோட டிராக்கைட் பாறையும் சாம்பலும்.

கணக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். பாறையில 1 சதவீதம் பொட்டாசியம் இருந்தா கிலோவுக்குச் சுமார் 313 பெக்கரல். உலகத்து மண்ணோட சராசரி 400 சொச்சம். இஸ்கியா டிராக்கைட்ல பொட்டாசியம் 5 சதவீதம் பக்கம் வரும். பெருக்கிப் பாருங்க, 1,500-ஐத் தாண்டும். கேக்கவே பயமா இருக்கா? நம்ம உடம்புலயே பொட்டாசியத்தால சுமார் 4,000 பெக்கரல் இருக்கு. கதிரியக்கத்தைப் பார்த்து அலறின எங்கம்மாவும் நடமாடும் கதிரியக்கப் பொருள்தான். இதை அவங்ககிட்ட சொன்னப்ப முறைச்சாங்க பாருங்க, அந்தக் கதிர்வீச்சுதான் ஆபத்தானது.

ஆக, பொட்டாசியம் நமக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை யுரேனியம் வம்சத்துல இருக்கு. யுரேனியம் உடைஞ்சு உடைஞ்சு ரேடியமாகுது, ரேடியம் உடைஞ்சா ரேடான். முன்னாடி வர்றதெல்லாம் திடப்பொருள், பாறைக்குள்ளயே அடங்கிக் கிடக்கும். ரேடான் வாயு. எதோடயும் ஒட்டாம வெளிய கிளம்பிடும். அரை ஆயுள் 3.8 நாள். அதுக்குள்ள பாறை விரிசல் வழியா தண்ணிக்கோ, நம்ம வீட்டுக்கோ வந்து சேர அதுக்கு நேரம் இருக்கு. எரிமலைச் சாம்பல் பாறை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிறதால வாயுவுக்கு வழி இன்னும் சுலபம்.

விளம்பரத்துக்கு வந்த கதை

இஸ்கியா வெந்நீர் மருத்துவம் ரொம்பப் பழசு. நேப்பிள்ஸ் மருத்துவர் ஜூலியோ யாசொலினோ 1588-லயே அந்த ஊத்துகளைப் பட்டியல் போட்டு, எதுக்கு எந்தத் தண்ணின்னு புத்தகம் எழுதிட்டார். அவருக்குக் கதிரியக்கம்னா என்னன்னே தெரியாது. வலி குறையுதுன்னு தெரியும், அது போதும்.

1898-ல கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடிச்சாங்க. 1903-ல ஜே.ஜே. தாம்சன் கிணத்துத் தண்ணியில கதிரியக்கம் இருக்குன்னு காட்டினார். உடனே உலகத்துல இருந்த வெந்நீர் ஊத்துக்காரங்க எல்லாரும், "அட, எங்க தண்ணியோட ரகசியம் இதுதானா!"ன்னு அளக்க ஆரம்பிச்சாங்க. 1918 கோடையில மேரி கியூரி அம்மையாரே இத்தாலி அரசாங்கத்தோட அழைப்புல வந்து அந்த நாட்டு ஊத்துகளை ஆராய்ஞ்சாங்க, இஸ்கியாவுக்கும் போனாங்க. அவங்க வந்தது அளக்க. ஊரு அதை நற்சான்றிதழ்னு எடுத்துக்கிச்சு.

அந்தக் காலத்துல ரேடியம்னா இப்ப 'ஆர்கானிக்' மாதிரி. எதுல வேணா கலந்து வித்தாங்க. அமெரிக்காவுல 'ரேடித்தார்'னு ரேடியம் கலந்த தண்ணியைப் பாட்டில் பாட்டிலாக் குடிச்ச எபன் பையர்ஸ்ங்கிற பணக்காரர் தாடை எலும்பே அழிஞ்சு 1932-ல இறந்தார். அதுக்கப்புறம்தான் மோகம் தணிஞ்சுது. 1945-க்கு அப்புறம் கேக்கவே வேணாம், வார்த்தையே தலைகீழா மாறிப்போச்சு. ஆனா வெந்நீர் ஊர்கள் மட்டும் அந்தப் பழைய பெருமையைத் தூசு தட்டித் தட்டி வச்சிருக்காங்க. 'இயற்கை'ங்கிற வார்த்தையை முன்னால ஒட்டிட்டா போதும், எந்தப் பயமும் ஓடிடும் போல.

என் முதல் கருத்து இதுதான். 'இயற்கை'ங்கிறது ஒரு அளவு இல்லை. ரேடான் அணுவுக்குத் தான் இயற்கையா செயற்கையான்னு தெரியாது. அது உடையும், ஆல்பா துகளை வீசும், அவ்வளவுதான். எவ்வளவு, எங்க, எத்தனை நாள்? இந்த மூணு கேள்விதான் கேள்வி.

அம்மா இறங்கினாங்களா?

இறங்கினாங்க. நான்தான் இறங்கச் சொன்னேன். திறந்தவெளிக் குளம், கடல் காத்து. தண்ணியில இருந்து கிளம்புற ரேடான் நிக்காம போயிடும். பத்து நாள், நாளுக்கு இருபது நிமிஷம். ஒரு வாழ்நாள் கணக்குல அது தூசு. வலி குறைஞ்சுதான்னா, குறைஞ்சுது. ஊர் திரும்பியும் ஒரு மாசம் போல நல்லா நடந்தாங்க. ரேடானாலயா வெந்நீராலயான்னு கேட்டா, வெந்நீரும் ஓய்வும் மகள் சமைச்ச சாப்பாடும்னுதான் சொல்வேன். ரேடான் குளியலால மூட்டு வலி கொஞ்ச நாள் குறையுதுன்னு சொல்ற சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, மறுக்கலை. அதை வச்சு 'கதிரியக்கம் நல்லது'ன்னு சுவத்துல எழுதறதுதான் ஓவர்.

அங்க உள் அறையில துண்டு எடுத்துக் குடுக்கிற ஒரு அம்மா இருந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். இருபத்திரெண்டு வருஷமா அதே அறையில வேலை. ஆவி மண்டிக் கிடக்கிற மூடின அறை. எங்கம்மா பத்து நாள்ல சுவாசிச்சதை அவங்க ஒரு வாரத்துலயே தாண்டியிருப்பாங்க. சுவத்து மூலையில ஒரு சின்னக் கறுப்பு டப்பா தொங்கிச்சு. என்னன்னு அக்காவை விட்டுக் கேட்டேன். "ரேடான் அளக்கிறது, எங்களுக்காக"ன்னு சொன்னாங்க.

இத்தாலியில 2020-ல வந்த சட்டப்படி வெந்நீர்க் குளியல் நிலையங்கள்ல வேலை பாக்கிற இடத்துல ரேடான் அளந்தே ஆகணும். ஒரு வருஷ சராசரி 300 பெக்கரலைத் தாண்டினா நடவடிக்கை எடுக்கணும். நல்ல சட்டம். டப்பாவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் நுண்ணிய கீறல் விழும். அப்புறம் அதை ரசாயனத்துல போட்டுக் கீறலை எண்ணுவாங்க. கரண்ட் வேணாம், சத்தம் வராது.

அன்னிக்கு ராத்திரி அக்கா வீட்டுல படுத்திருந்தேன். தரைத்தளம். பின்பக்கம் மலையை ஒட்டின வீடு, சுவரெல்லாம் பச்சைச் சாம்பல் பாறை. மூத்த மருமகன், ஆறு வயசு, அவனோட கட்டில் கிடக்கிற அறைக்கு ஒரு பக்கச் சுவரே கிடையாது. பாறையைக் குடைஞ்ச பழைய திராட்சை ரசக் கிடங்கைத்தான் அறையா மாத்தியிருக்காங்க. சன்னல் கையகலம். குளிருக்கு அதையும் சாத்தி வச்சிருந்தாங்க.

தூக்கம் வரலை. வேலை பாக்கிற இடத்துக்கு ஒரு டப்பா இருக்கு. இந்தப் பையன் தினம் பத்து மணி நேரம் தூங்கற இடத்துக்கு?

வீட்டுக்காரரும் நாலு தலைமுறையும்

வீட்டை வாடகைக்கு விடறவர் ரேடான் அளந்து சொல்லணும்னு கட்டாயம் கிடையாதுன்னு தெரிஞ்சுது. வீட்டுக்காரர்கிட்ட கேட்டோம். நல்ல மனுஷன், சண்டையெல்லாம் போடலை. சிரிச்சுக்கிட்டே, "நாலு தலைமுறையா இதுல இருந்தோம். இது இயற்கை. இதைத் தேடித்தான் உலகமே இங்க வருது"ன்னார்.

இந்த 'நாலு தலைமுறை' வாதத்தை நம்ம ஊர்லயும் கேட்டிருப்பீங்க. அதுல ஒரு ஓட்டை இருக்கு. ரேடான் யாரையும் மயக்கம் போட்டு விழ வைக்காது. நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தா அது ரேடானாலன்னு நெத்தியில எழுதியிருக்காது. நாலு தலைமுறை கண்ணால பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆயிரக்கணக்கான பேரை எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்.

எண்ணியும் பார்த்திருக்காங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லயே ரேடானைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உறுதியா வகைப்படுத்திடுச்சு. 2005-ல ஐரோப்பாவுல 13 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து, 7,148 நோயாளிகளோட வீட்டு அளவுகளைப் பார்த்தாங்க. ஒவ்வொரு 100 பெக்கரலுக்கும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 16 சதவீதம் கூடுது. 16-ங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓடாதீங்க, முழுசா கேளுங்க. வாழ்நாள்ல புகையே பிடிக்காதவருக்கு 75 வயசுக்குள்ள அந்த நோய் வர்ற வாய்ப்பு, ரேடான் இல்லாத வீட்டுல 0.4 சதவீதம், 400 பெக்கரல் வீட்டுல 0.7. விடாம புகைக்கிறவருக்கு அதே கணக்கு 10 சதவீதத்துல இருந்து 16.

ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க மாமா ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் காலி பண்றவர்.

சொந்தச் செலவுல ஆறு மாசத்துக்கு ஒண்ணா ரெண்டு டப்பா வாங்கி வைக்கச் சொல்லிட்டு வந்தேன். வருஷம் முடிஞ்சு முடிவு வந்துச்சு. மேல் அறை பரவாயில்லை. பையனோட அறை 300-ஐத் தாண்டி நல்லாவே மேல போயிருந்தது. இத்தாலி நாட்டு வீடுகளோட சராசரி 70, நேப்பிள்ஸ் இருக்கிற கம்பானியா மாநிலத்துக்கு 95.

அக்கா போன்ல அழுதா. "ஒரு வருஷம் புள்ளைய அதுல படுக்க வச்சிருக்கேனேடா." அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன். ஒரு வருஷத்தால ஒண்ணும் ஆகிடாது. இது வருஷக்கணக்குல சேர்ற கணக்கு, இன்னிக்கு நிறுத்தினா இன்னிக்கே கணக்கு நிக்கும். கட்டில் மேல போச்சு. தரை விரிசலைப் பூசினாங்க. அடியில ஒரு குழாய் விட்டு, சின்னக் காத்தாடி மாட்டி, மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை வெளிய இழுக்கற ஏற்பாடு பண்ணினாங்க. அணு உலைக்கு ஆகிற செலவெல்லாம் இல்லை, ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கற காசுதான். டப்பா முடிவைப் பார்த்துட்டு வீட்டுக்காரர் பாதி குடுத்தார். நாலு தலைமுறை வாதத்தை அப்புறம் அவர் எடுக்கலை.

சொல்ல வந்தது

இதைப் படிச்சுட்டு யாரும் இஸ்கியாவுக்கு டிக்கெட்டை ரத்து பண்ணாதீங்க. அழகான தீவு. அந்தத் தீவுல மனுஷங்களைக் கொத்தாக் கொன்னது கதிரியக்கம் இல்லை. 1883-ல காசாமிச்சோலா ஊர்ல வந்த நிலநடுக்கத்துல 2,300 பேருக்கு மேல செத்தாங்க. அதே ஊர்ல 2017-ல மறுபடி நடுக்கம், ரெண்டு பேர். 2022 நவம்பர் 26 அன்னிக்கு மழையில எபோமெயோ மலைச்சரிவு சேறா இறங்கி 12 பேர். கதிரியக்கம் இருக்கிற அதே சாம்பல் மண்தான் சேறா வந்து அவங்களை மூடிச்சு. சரிவுல இஷ்டத்துக்கு வீடு கட்ட விட்டதைப் பத்தி அந்த நாட்டுல பெரிய சண்டையே நடந்துச்சு. பயப்படறதா இருந்தா வரிசைப்படி பயப்படணும்னு சொல்றேன்.

அதனால, நான் கேக்கறது மூணே மூணு.

ஒண்ணு, குளியல் நிலையங்கள் சுவத்துல பெருமைச் சொல்லை எழுதறதுக்குப் பதிலா எண்ணை எழுதட்டும். தண்ணியில இவ்வளவு, உள் அறைக் காத்துல இவ்வளவுன்னு. அளவு ஏற்கனவே கையில இருக்கே, எழுதறதுக்கு என்ன?

ரெண்டு, இந்த மாதிரி பாறை உள்ள ஊர்கள்ல வீடு வாடகைக்கு விடறவர் ரேடான் அளவைச் சொல்லியே தீரணும். பத்து நாள் வந்து போற சுற்றுலாக்காரர் துண்டு வாங்கற அறைக்கு டப்பா இருக்கு, ஆறு வயசுப் பையன் தூங்கற அறைக்கு இல்லைங்கிறது எனக்கு நியாயமாப் படலை. வேலைக்காரங்களுக்குக் கிடைச்ச பாதுகாப்பை வீட்டுக்கும் நீட்டச் சொல்றேன், அவ்வளவுதான். வீட்டு விலை இறங்கிடும்னு சொல்வாங்க. காத்தாடி மாட்டி அளவு இறங்கினதுக்கு அப்புறம் விலை எதுக்கு இறங்கணும்?

மூணு, நமக்கு. கதிரியக்கம்னு கேட்டா ஓடவும் வேணாம், இயற்கைன்னு கேட்டா கும்பிடவும் வேணாம். "எவ்வளவு?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவங்க பேச்சை, பயமுறுத்தினாலும் சரி, விளம்பரம் பண்ணினாலும் சரி, ஓரமா வச்சிடுங்க.

மாமாகிட்டயும் அந்த ரெண்டு வரிக் கணக்கைச் சொன்னேன், 0.4-ம் 0.7-ம், 10-ம் 16-ம். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப காத்தாடியை விட இதை நிறுத்தறதுதான் பெரிசுங்கறே"ன்னார். ஆமாம் மாமான்னேன். பாக்கெட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டார். அங்க போய் என்ன பண்ணினார்னு நான் கேக்கலை. மூணு மாசமா நிறுத்தி வச்சிருக்கார்னு அக்கா போன வாரம் சொன்னா. நம்பறேன்.

கொசுறு: அம்மா இப்ப தெருவுல எல்லார்கிட்டயும், "நான் ரேடியத்துல குளிச்சவ"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. எதிர்த்த வீட்டுப் பாட்டி ராத்திரி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனதாக் கேள்வி. இருட்டுல மின்னறாங்களான்னு :-)